யாருக்கான வீதி?

1848 ஆம் ஆண்டு யூலை 26 ஆந் திகதி தம்புள்ளை விகாரையிலே கொங்கலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். இரு நாட்களின் பின் மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. ஆகஸ்ட் 8 ஆந் திகதி புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். இவை பாடசாலை மாணவர் யாவரும் அறிந்த செய்திகளே. ஆயின் அக்கிளர்ச்சியைத் தூண்டிய புதிய வரிகளுள் வீதிவரியும் ஒன்று என்பதைப் பாடநூல்கள் ஒற்றை வாக்கியத்திற் கூறிக் கடந்துவிடுகின்றன. டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக இருந்த காலத்தில் இயற்றப்பட்ட வீதிச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலைக்கு உடலுழைப்பு வழங்குதல் வேண்டும், அன்றேல் அதற்கீடாக மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. கோப்பித் தோட்டத் துரைமாரின் மூடைகள் துறைமுகத்தைச் சென்றடைவதற்கே அவ்வீதிகள் முதன்மையாக வேண்டப்பட்டன. விளைந்ததைத் தலைச்சுமையாக ஊர்ச்சந்தைக்குக் கொணர்ந்த கண்டிய விவசாயி, தன் வண்டி ஒருபோதும் ஓடாத வீதிக்குத் தன் முதுகை வளைக்க நேர்ந்தது. வீதியின் பயன் யாருக்கு, அதன் பாரம் யார் தலையில் என்னும் வினா மாத்தளையில் அன்றே எழுந்துவிட்டது.

அதே காலப்பகுதியில் அதே மாத்தளையை நோக்கி மற்றொரு மக்கட் கூட்டம் நடந்து வந்துகொண்டிருந்தது. தென்னிந்தியாவின் வரண்ட கிராமங்களிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் கால்நடையாகக் கடந்த தோட்டத் தொழிலாளர்களே அவர்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழிநெடுகக் கொன்றன. இறந்தோரின் தொகை குறித்து ஆய்வாளரிடையே இன்றும் உடன்பாடில்லை. தொகையைக் கணக்கிடவேண்டும் என்னும் அக்கறை ஆண்டோரிடம் இருந்திருப்பின் அவ்விவாதத்துக்கே இடமிருந்திராது. காட்டைக் கடந்து எஞ்சியோர் மாத்தளையில் ஒன்றுசேர்க்கப்பட்டு, அங்கிருந்து கங்காணிமாரின் பின்னே மலைகளுக்கு ஏறினர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்தப் பாதையின் ஓரத்திலேயே நிற்கின்றது. மாசிமகத் தேர்த்திருவிழாவில் ஐந்து தேர்கள் நகர வீதியில் அசைந்து வருகையில் வாகனங்கள் யாவும் நின்று வழிவிடுகின்றன. ஆண்டில் அந்த ஒரு நாளிலாவது நடந்து வந்தோரின் சந்ததியினருக்கு வீதி முழுமையாக உரியதாகின்றது.

இப்பழங்கதைகளை இன்று நினைவூட்டவேண்டியதன் காரணம், வீதி அபிவிருத்தி என்னும் பெயரில் நாட்டில் நடைபெறும் பெருந்திட்டங்களே. கொழும்பு மாநகரின் நெரிசலைத் தணிக்கும் எனக் கூறப்பட்ட வெளிச் சுற்றுவட்ட நெடுஞ்சாலை, 2014 இல் கொட்டாவையிலிருந்து கடுவலை வரையும், 2015 இல் கடவத்தை வரையும், 2019 நவம்பரில் கெரவலப்பிட்டி வரையும் திறக்கப்பட்டது. யப்பானியக் கடனும் சீனக் கடனும் சேர்ந்து அமைத்த, 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அரைவட்டம் அது. அவ்வட்டத்தின் கடவத்தை முனையிலிருந்து பிரிவதே மத்திய அதிவேக நெடுஞ்சாலை. மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான அதன் இரண்டாங் கட்டம் 2022 சனவரியில் திறக்கப்பட்டது. கடவத்தைக்கும் மீரிகமவுக்கும் இடைப்பட்ட முதற்கட்டம், அதே ஆண்டு நாடு கடனைத் திருப்பிச் செலுத்தவியலாது என அறிவித்ததும் பாதியில் நின்று, 2025 இல் மீண்டும் தொடங்கியது. முதற்கட்டத்தின் முன்னரே இரண்டாங் கட்டம் திறக்கப்பட்ட இவ்வரிசைமுறை, தலையை விட்டு இடுப்புக்கு முடி சூட்டியது போன்றது என்பதை இவ்விடத்திற் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. குருநாகலிலிருந்து தம்புள்ளை வரை ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளும் நான்காங் கட்டமே மாத்தளை மாவட்டத்தைத் தொடுவது. அதுவும் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கலேவெலப் பக்கமாகத் தம்புள்ளையை எட்டுவதன்றி, மாத்தளை நகரையோ அதற்குக் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளிற் பரந்துள்ள தோட்டங்களையோ அணுகுவதன்று.

இத்திட்டங்களை ஆதரிப்போர் கூறும் முதற் காரணம் நெரிசல். நெரிசல் உண்மையே, அதனை மறுப்பார் எவருமிலர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் செல்லும் ஏ-9 வீதியே மாத்தளை நகரின் கடைத்தெருவாகவும் இருக்கின்றது. பாடசாலை விடும் வேளையில் அவ்வழியே செல்லும் பஸ்ஸில் அமர்ந்திருப்பவர், இறங்கி நடந்தால் விரைவிற் சென்றடையலாமோ என எண்ணுவது இயல்பே. தம்புள்ளையிலோ ஏ-9 வீதியும், அம்பேபுசையிலிருந்து திருகோணமலை செல்லும் ஏ-6 வீதியும் சந்திக்கின்றன. அச்சந்திப்பின் அருகிலேயே நாட்டின் மிகப்பெரிய மரக்கறி மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையம் இயங்குகின்றது. ஆயின் நோய் உண்மை என்பதனால் மட்டும் மருத்துவன் கொடுக்கும் எந்த மருந்தும் உண்மையான மருந்தாகிவிடாது.

சுற்றுவட்ட வீதிகளால் நெரிசல் தீர்ந்த பெருநகரைத் தேடிக் காண்பது அரிது. இலண்டன் மாநகரைச் சூழும் எம்-25 நெடுஞ்சாலை 1986 ஒக்ரோபரில் முழுமையடைந்தது. சில ஆண்டுகளுள் அதுவே நெரிசலுக்குப் பெயர்பெற்று, அகலப்படுத்தும் வேலைகள் அடுத்தடுத்துத் தொடர்ந்தன. 1994 இல் பிரித்தானிய அரசாங்கத்தின் சொந்த ஆலோசனைக் குழுவே, புதிய வீதிகள் புதிய போக்குவரத்தைத் தோற்றுவிக்கின்றன என ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2011 இல் வெளியான டுரன்டன், டர்னர் ஆகிய பொருளியலாளரின் ஆய்வும், பெருவீதி எவ்வளவுக்குப் பெருகியதோ ஏறத்தாழ அவ்வளவுக்கே வாகன ஓட்டமும் பெருகியதைக் காட்டிற்று. அண்மைய உதாரணம் சென்னை. அங்கே ஒரு காலத்தில் நகரின் எல்லையாக அமைந்த நூறடிச் சாலை, பின்னர் ஜவஹர்லால் நேரு சாலை எனப் பெயர்பெற்று, நகரின் நடுவிலேயே நெரிசல் மிக்க ஒரு தெருவாயிற்று. அதற்கு வெளியே ஒரு புறவழிச்சாலை அமைந்தது. அதற்கும் வெளியே வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீற்றரில் வெளிவட்டச் சாலை அமைந்தது. அதற்கும் அப்பால், எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை 130 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மற்றொரு வட்டம் இப்பொழுது அமைக்கப்படுகின்றது. குளத்தில் எறிந்த கல்லின் அலைகள் விரிவதுபோல் வட்டங்கள் விரிகின்றன. நடுவிலே கல் கிடந்த இடத்திற் கிடக்கின்றது.

இதற்கான காரணம் மறைபொருள் அன்று. வீதி அகலும்போது பயண நேரம் சிறிது குறைகின்றது. குறைந்த நேரத்தைக் கண்டு, முன்னர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ சென்றவர் காரை எடுக்கின்றார். வீதியோரத்திற் காணியின் விலை ஏறுகின்றது. கடைகளும் விடுதிகளும் எழுகின்றன. அவற்றுக்கு வருவோர் மேலும் வாகனங்களைக் கொணர்கின்றனர். இலங்கையில் 2020 இல் தடைசெய்யப்பட்ட தனியார் மோட்டார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. ஒரு கையால் வாகனத்தை இறக்கி, மறு கையால் அதற்கு வீதி அமைக்கக் கடன் கேட்கும் பொருளாதாரம் எக்காலத்தில் நெரிசலைத் தீர்க்கும்? ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் பஸ் ஒன்றுக்கு வேண்டிய இடம் இரண்டு மூன்று கார்களின் இடமே. எனினும் நெரிசலைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் காருக்குள் தனித்திருப்பவரின் துன்பமே நாட்டின் துன்பமாகப் பேசப்படுகின்றது. பஸ்ஸின் படியிற் தொங்குபவர் அக்கணக்கில் வருவதில்லை. 1880 இல் மாத்தளையை வந்தடைந்த புகையிரதப் பாதை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டும் அதன் பாதியும் சென்ற பின்னரும் அந்நகருக்கு அப்பால் நீளவில்லை என்பதும் இவ்விடத்தில் நோக்கற்பாலது.

இரண்டாவது காரணம் விவசாயியின் பெயராற் கூறப்படுவது. அதிவேக நெடுஞ்சாலை தம்புள்ளையை அடைந்தால் மரக்கறி விரைவிற் கொழும்பை அடையும், அழிவு குறையும், விவசாயி வாழ்வான் என்பர். கேட்பதற்கு இனிய வாதம். அறுவடைக்குப் பின் மரக்கறியிலும் பழத்திலும் மூன்றிலொரு பங்களவு வீணாகின்றது எனப் பல காலமாகக் கூறப்பட்டு வருவதும் மெய்யே. ஆயின் அது வீணாவது எவ்விடத்தில்? தக்காளியையும் கத்தரியையும் பெரும் பைகளிலே திணித்து, ஒன்றன்மேல் ஒன்றாக லொறியில் அடுக்கி, அவற்றின்மேல் ஆளும் ஏறி அமர்ந்து செல்லும் முறையிலேயே பெரும்பகுதி நசுங்கிவிடுகின்றது. 2011 இன் இறுதியில் பிளாஸ்டிக் பெட்டிகளிலேயே கொண்டு செல்லுதல் வேண்டும் என அரசாங்கம் விதித்தபோது தம்புள்ளையில் எதிர்ப்பு மூண்டது. பெட்டிகளின் விலையை யார் தாங்குவது, வெறும் பெட்டிகளை யார் திருப்பிக் கொணர்வது என்னும் வினாக்களுக்கு விடை காணாமலே விதி பிறந்தமையே அதற்குக் காரணம். அவ்வினாக்களைத் தீர்ப்பதற்கு அதிவேக நெடுஞ்சாலையின் செலவில் ஒரு துளியே போதும். நசுங்கிய தக்காளி மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்திற் சென்றாலும் நசுங்கிய தக்காளியே. மேலும், தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு வரும் முதல் ஐந்து மைலின் குண்டுகுழிகளிலேயே விளைபொருள் அடிபடுகின்றது. அந்த ஐந்து மைலைப் பற்றிய பேச்சு எந்த வரைபடத்திலும் இல்லை.

வாதத்தின் மையம் இதுவே. இலங்கையில் ஏ, பீ தரங்களைச் சார்ந்த ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர் வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளது. அதற்கடுத்த தரங்கள் மாகாண சபைகளுக்கும், எஞ்சிய சிறு வீதிகள் உள்ளூராட்சிச் சபைகளுக்கும் உரியன. தோட்டப் பாதை இவற்றுள் எதிலும் அடங்குவதன்று. வெள்ளையர் கம்பனி வெட்டிய பாதை, 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது அரச நிறுவனத்தின் பாதையாயிற்று. 1992 இல் முகாமை தனியார் கம்பனிகளுக்குக் கைமாறிய பின் கம்பனிப் பாதையாயிற்று. பாதையின் உரிமை கைமாறியதேயன்றிப் பாதை மாறவில்லை. கொழுந்து லொறி செல்லும் அளவுக்கு அது செப்பனிடப்பட்டால் கம்பனிக்குப் போதும். அதன்மேல் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும், ஆஸ்பத்திரிக்குச் செல்லும் கர்ப்பிணியும் கம்பனியின் கணக்கில் இலர்.

இந்நிலை தற்செயலாய் அமைந்ததென எண்ணுதல் பேதைமை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரை வாக்கற்றோராக்கின. வாக்கில்லாதவன் வாழும் இடத்துக்கு வீதி போடும் அரசியல்வாதி எந்நாட்டிலும் இலன். குடியுரிமை சிறிது சிறிதாக மீண்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு அப்பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது எனலாம். எனினும் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைகள் தம் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்துவந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினன், தன்னைத் தெரிவு செய்தோரின் வாசலிலே ஒரு வடிகானும் வெட்ட இயலாதவனாய்ச் சபையில் அமர்ந்திருந்தான். 1848 இன் விவசாயி தான் பயன்படுத்தாத வீதிக்கு உழைத்தான்; தோட்டத் தொழிலாளியோ வாக்கும் வரியும் அளித்து, வீதி கேட்கும் உரிமையற்றவனாய் நின்றான். 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கியது. நீங்கியதன் பின் நடந்தது யாது? தடை இருந்தபோது சட்டத்தைக் காட்டியவர்கள், தடை நீங்கியபின் நிதியின்மையைக் காட்டுகின்றனர். தோட்டப் பாதைகள் கம்பனியின் குத்தகைக் காணிக்குள் இருப்பதனால் அவற்றைச் சபையிடம் முறைப்படி கையளித்துப் பதிவேட்டில் ஏற்றினாலன்றி ஒரு சதமும் நிலையாக ஒதுக்கப்படுவதற்கு வழியில்லை. அக்கையளிப்பு ஒவ்வொரு தோட்டத்திலும் யாரேனும் ஒருவரின் மேசையில் உறங்குகின்றது.

2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி இவ்வுறக்கத்தின் விலையைக் காட்டிற்று. நாடெங்கும் 600 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையக மாவட்டங்களே மிகக் கொடிய அழிவுக்குள்ளாகின. மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவாயிற்று. இரத்தோட்டையிலிருந்து மலையேறும் வளைந்த பாதையையும் அதனின்று கிளைக்கும் தோட்டப் பாதைகளையும் ஒருமுறை கண்டவர், அந்த மழை எதனைச் செய்திருக்கும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மதகு அடைபட்டால் நீர் பாதையின்மேல் ஓடும். பாதை அரிந்தால் மண்மேடு சரியும். மண்மேடு சரிந்தால் அதன் கீழுள்ள லயன் அறைகள் முதலிற் புதையும். தோட்டத்து மதகைத் துப்புரவாக்குவது பொறியியல் விந்தை அன்று. முற்காலத்தில் தோட்டங்களில் கானுவெட்டுக்கெனவே தனி ஆட்கள் இருந்தனர். செலவைக் குறைக்கும்போது முதலிற் குறைக்கப்படுபவர் அவர்களே. அதிவேக நெடுஞ்சாலையின் தூண்களுக்கு நூறாண்டு வெள்ளத்தைக் கணக்கிடும் பொறியியல் அறிவு, கம்மடுவையின் மதகுக்கு ஆண்டொரு முறை மண்வெட்டி தர மறுக்கின்றது.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாக ஏற்றல் வேண்டும். கிராமிய வீதிகள் முற்றாகப் புறக்கணிக்கப்பட்டன எனக் கூறுதல் பொருந்தாது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் நடைபெற்ற வீதித் திட்டம் மத்திய மாகாணம் உட்படப் பல மாகாணங்களின் கிராமிய வீதிகளைச் செப்பனிட்டது. மாத்தளை மாவட்டத்தின் பல கிராமங்கள் அதனாற் பயன்பெற்றன. அவ்வாறாயின், கிராமத்து எல்லையில் வந்து நின்ற தார், தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டத் தயங்கியது ஏன் என்னும் வினா மேலும் கூர்மையடைகின்றதே தவிர மழுங்குவதில்லை. அவ்வாறே, விபத்துக்களில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேற்பட்டோர் இறக்கும் நாட்டில் பெருவீதிகளின் பாதுகாப்புக்குச் செலவிடுவதும் நியாயமே. மாத்தளையிலும் தம்புள்ளையிலும் நடைபாதை, பாதசாரிக் கடவை, பஸ் ஒதுங்கும் இடம், லொறிகளுக்கான தரிப்பிடம் என்பன உடனடியாக வேண்டப்படுகின்றன. இவற்றுக்கு வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை; திறப்பு விழாவுக்கு நாடா வெட்டும் வாய்ப்பு இவற்றிற் குறைவாதலே இவை பின்தள்ளப்படுவதன் காரணமாகலாம்.

"முதலிற் பெருவீதி, கிளைவீதி பின்னர்" என்போரும் உளர். பொருளாதாரம் வளர்ந்தால் அதன் பயன் மலைக்கும் ஏறிச் செல்லும் என்பது அவர்தம் நம்பிக்கை. நீர் மேல்நோக்கி ஏறுமென நம்புதற்கும் இதற்கும் பெரும் வேற்றுமை இல்லை. கோப்பிக் காலத்திலிருந்து இன்றுவரை பெருவீதி மட்டும் பலமுறை புதுப்பிக்கப்பட்டாலும், "பின்னர்" என்னும் அந்த நாள் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. கடன் மட்டும் வந்து சேர்ந்தது. 2022 இன் வீழ்ச்சிக்குப் பின் அரச வருமானத்தைப் பெருக்குவதற்காகப் பெறுமதி சேர் வரி 2024 சனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. காரில்லாதவரும் அதிவேக நெடுஞ்சாலையில் ஒருபோதும் ஏறாதவரும் வாங்கும் பொருள்களிலும் அவ்வரி அடங்கியுள்ளது. ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பெனக் கணக்கிட்ட டொரிங்டனின் சட்டத்தில் பாரம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய வரியோ பிஸ்கட் உறையின் விலைக்குள் மறைந்திருப்பதால், எத்தனை நாள் உழைப்பு வீதிக்குச் செல்கின்றது எனத் தொழிலாளி கணக்கிடுதல் இயலாது. இவ்வகையில் பழைய தேசாதிபதியின் கொடுமையிலாவது ஒரு வெளிப்படைத் தன்மை இருந்தது.

ஆகவே நான்காங் கட்டத்துக்கு ஒரு சதமேனும் ஒதுக்கப்படுமுன் மாத்தளை மாவட்டத்தின் பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் தம் எல்லைக்குட்பட்ட தோட்டப் பாதைகளை அளந்து, கம்பனிகளிடமிருந்து கையேற்றுப் பதிவேட்டில் ஏற்றுதல் வேண்டும். பாதை ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் எவ்வளவு தூரம், பஸ் எந்தச் சந்தியோடு திரும்பிவிடுகின்றது என்பன அப்பதிவேட்டில் இடம்பெறுதல் வேண்டும். வாகனங்கள் மிச்சப்படுத்தும் நிமிடங்களை எண்ணுவதற்கு நிபுணர் பலர் உளர். நோயாளி ஒருவரைத் தோளிற் சுமந்து பிரதான வீதிக்குக் கொணரும் நிமிடங்களை எண்ணுவதற்கு இதுவரை எவரும் அமர்த்தப்படவில்லை. புவியியல், சமூகவியல், பொருளியல் துறைகளில் ஆண்டுதோறும் ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவர்கள் அவ்வேலையைத் தொடங்கலாம். அளக்கும் நாடாவும் இரத்தோட்டைக்குச் செல்லும் பஸ் கட்டணமுமே அதற்கு வேண்டிய மூலதனம். அப்பதிவேடு சபையின் மேசைக்கு வந்தபின், நிதியில்லை எனக் கூறுபவர் எந்தப் பாதைக்கு இல்லை, எத்தனை பேருக்கு இல்லை என்பதைப் பெயர் குறித்துக் கூற நேரும். வடகீழ்ப் பருவமழை திசெம்பரில் வந்துவிடும். மதகுகளின் மண்ணை அதற்கு முன்னர் அகற்றியாதல் வேண்டும்.